வரிசையில் நின்றே வயதாகிறது

பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அமெரிக்க கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கிறார்கள். சட்டப்படி போய், சட்டப்படி வேலை பார்த்து, ஒழுங்காக வரி கட்டுகிற இவர்களை முடக்கிப் போட்டிருப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் உள்ள 7 சதவீதக் கணக்கு. அதன் விலையைக் கொடுப்பவர்கள் பிள்ளைகள்.

மாதத்துக்கு ஒரு முறை அமெரிக்க வெளியுறவுத் துறை ஓர் அட்டவணையை வெளியிடுகிறது. பெயர் விசா புல்லட்டின். அலங்காரமில்லாத சில பக்கங்கள், வரிசை வரிசையாகத் தேதிகள், அவ்வளவுதான். ஆனால் நியூ ஜெர்சியிலும் டெக்சாசிலும் கலிபோர்னியாவிலும் லட்சக்கணக்கான இந்தியக் குடும்பங்கள், பரீட்சை முடிவைப் பார்ப்பதுபோல் அதைப் பார்க்கின்றன. வீடு வாங்குவதா, வேலை மாறுவதா, ஊரில் உடல்நலமில்லாத அப்பாவைப் பார்க்க விமானம் ஏறலாமா - எல்லாம் அந்தத் தேதியைப் பொறுத்தது.

2025 அக்டோபர் மாத அட்டவணையில் வேலைவாய்ப்பு அடிப்படையிலான இரண்டாம் பிரிவில் (முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கானது) இந்தியாவுக்கு எதிரே இருந்த தேதி 2013 ஏப்ரல் 1. அதற்கு முன் மனு போட்டவர்களுக்குத்தான் கிரீன் கார்டு. அதே பிரிவில் பெரும்பாலான மற்ற நாடுகளுக்கு எதிரே இருந்த தேதி 2023 டிசம்பர் 1. ஒரே கம்பெனி, ஒரே படிப்பு, ஒரே சம்பளம். பிறந்த நாடு வேறு என்பதால் இடைவெளி பத்து ஆண்டுக்கு மேல்.

அதுவும் ஏற்கனவே வரிசையில் நிற்பவர்களின் கதை. கேட்டோ இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு அமைப்பைச் சேர்ந்த டேவிட் பியர் 2023இல் போட்ட கணக்குப்படி, வேலைவாய்ப்பு கிரீன் கார்டுக்காகக் காத்திருந்தவர்கள் மொத்தம் 18 லட்சம் பேர். அவர்களில் சுமார் 11 லட்சம் பேர் இந்தியர்கள். அப்போது புதிதாக வரிசையில் சேரும் இந்தியர் ஒருவர் காத்திருக்க வேண்டிய காலம் 134 ஆண்டு. வேறு வார்த்தைகளில் சொன்னால், அவருக்கு கிரீன் கார்டு கிடையாது.

ஏழு சதவீதக் கணக்கு

சிக்கலின் வேர் எளிமையானது. அமெரிக்கா ஆண்டுக்கு 1,40,000 வேலைவாய்ப்பு கிரீன் கார்டுகளை ஒதுக்குகிறது. இதில் ஊழியரின் மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் எல்லாரும் அடக்கம். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் நான்கு கார்டுகள் கழிந்துவிடும். ஆக, உண்மையில் இதில் இடம் பெறும் ஊழியர்களின் எண்ணிக்கை பாதிக்கும் குறைவு.

அடுத்து வருவது நாட்டு வரம்பு. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இரண்டாம் பிரிவுக்கு ஆண்டு ஒதுக்கீடு சுமார் 40,000. அதில் 7 சதவீதம் என்றால் ஏறக்குறைய 2,800. நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கும் இதுதான் வரம்பு, நான்கு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் இதுதான் வரம்பு. மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் விடும் இடங்கள் வரிசையில் மூத்தவர்களுக்கு வரும் என்று சட்டம் சொல்கிறது. மிச்சம் விழுந்தால்தானே வருவதற்கு?

இந்தக் கணக்கில் இன்னொரு விசித்திரம், குடியுரிமையைப் பார்க்காமல் பிறந்த இடத்தைப் பார்ப்பது. மதுரையில் பிறந்து கனடா பிரஜையாகிவிட்டவர் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். குவைத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்த தமிழர், இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், பொதுவாக அந்த நாட்டின் குறுகிய வரிசைக்குப் போய்விடலாம். கணவன் இந்தியாவில் பிறந்திருந்து மனைவி வேறு நாட்டில் பிறந்திருந்தால், மனைவியின் வரிசையில் இருவரும் சேர்ந்துகொள்ள இடமுண்டு. இரண்டு ஊழியர்களில் ஒருவருக்கு இரண்டு ஆண்டில் கார்டு, மற்றவருக்கு இருபது ஆண்டானாலும் இல்லை என்றால், காரணம் திறமையாக இருக்க வேண்டியதில்லை. பிரசவம் நடந்த ஊராகவும் இருக்கலாம்.

நூற்றாண்டுப் பழைய கதவு

அமெரிக்கக் கதவு இந்தியர்களுக்கு எப்போதுமே முழுசாகத் திறந்திருந்ததில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து ஆட்கள் குடியேறுவதைத் தடை செய்தது. 1923இல் பகத்சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேவை செய்த அந்த பஞ்சாபியை "வெள்ளையர்" அல்ல என்று கூறிக் குடியுரிமையை மறுத்தது. ஏற்கனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரும் அதை இழந்தார்கள்.

1946இல் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட லூஸ்-செல்லர் சட்டம் கதவைக் கொஞ்சம் திறந்தது. ஆண்டுக்கு 100 இந்தியர்கள் வரலாம், குடியுரிமையும் பெறலாம். அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக் குடியுரிமை பெற்ற தலீப் சிங் சவுந்த் 1956இல் கலிபோர்னியாவிலிருந்து அமெரிக்க காங்கிரசுக்கே தேர்வானார். ஆனால் பெரிய திருப்பம் 1965 அக்டோபர் 3 அன்றுதான். சுதந்திர தேவி சிலையின் காலடியில் அமர்ந்து லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம், இனம் பார்த்து ஒதுக்கீடு செய்யும் முறையை ஒழித்தது. டாக்டர்களும் என்ஜினீயர்களும் கப்பலையும் விமானத்தையும் பிடித்தார்கள். 1960இல் சுமார் 12,000ஆக இருந்த, இந்தியாவில் பிறந்த அமெரிக்கவாசிகளின் எண்ணிக்கை 2022இல் 28 லட்சத்தைத் தாண்டியது.

இன்றைய வரிசைக்கு அடித்தளம் போட்டது 1990 நவம்பர் 29 அன்று முதலாவது ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம். 1,40,000 என்ற எண், 7 சதவீத வரம்பு, எச்-1பி விசா மூன்றும் அதில் பிறந்தவை. அப்போது இன்டர்நெட் வீடுகளுக்கு வரவில்லை. இந்திய சாப்ட்வேர் தொழில் தவழ்ந்துகொண்டிருந்தது. எந்த ஒரு நாடும் ஆதிக்கம் செலுத்தக் கூடாது என்ற நோக்கத்தில் எழுதப்பட்ட வரம்பு, ஒரு நாட்டு மக்களை மட்டும் தலைமுறைக் கணக்கில் காக்க வைக்கும் என்று அன்று யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிறகு நடந்தது புனல் கதை. மேல்வாய் அகலமாகிக்கொண்டே போனது. எச்-1பி வரம்பு 65,000இலிருந்து 1,15,000ஆகவும், 2001 முதல் 2003 வரை 1,95,000ஆகவும் உயர்ந்து, பின்னர் அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கான 20,000 உட்பட 85,000இல் நின்றது. பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிறுவனங்களும் வரம்புக்கு வெளியே. 2024 நிதியாண்டில் ஏற்கப்பட்ட எச்-1பி மனுக்களில் சுமார் 71 சதவீதம் இந்தியர்களுடையவை. கீழே கிரீன் கார்டு என்ற சிறிய துவாரம் மட்டும் 1990இல் இருந்த அளவிலேயே இருக்கிறது.

எச்-1பி ஆறு ஆண்டு விசா. அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்ற நிலையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மாற்றியது. கம்பெனி போட்ட ஐ-140 மனு ஏற்கப்பட்டு, வரிசை மட்டும் பாக்கி என்றால், மூன்று மூன்று ஆண்டுகளாக நீட்டித்துக்கொண்டே போகலாம். கருணையான ஏற்பாடுதான். ஆனால் தற்காலிக விசா என்பது நிரந்தரமான வாழ்க்கை முறையாகிவிட்டது இங்கேதான்.

பின்னால் நகரும் வரிசை

ரேஷன் கடை வரிசைகூட முன்னோக்கித்தான் நகரும். கிரீன் கார்டு வரிசை பின்னோக்கியும் நகரும்.

கொரோனா காலத்தில் தூதரகங்கள் மூடிக்கிடந்ததால் குடும்ப அடிப்படையிலான கிரீன் கார்டுகள் ஏராளமாக மிஞ்சின. சட்டப்படி அவை அடுத்த ஆண்டு வேலைவாய்ப்புப் பிரிவுக்கு வந்தன. 1,40,000ஆக இருந்த ஒதுக்கீடு 2021 நிதியாண்டில் 2,62,000ஆகவும், 2022இல் 2,81,000ஆகவும் உயர்ந்தது. இந்தியர்களுக்கு எதிர்பாராத மழை. ஆனால் 2021இல் குடியேற்ற அலுவலகத்தால் வேகமாக வேலையை முடிக்க முடியாமல் சுமார் 66,000 கார்டுகள் யாருக்கும் பயன்படாமல் காலாவதியாயின. 2022 செப்டம்பரில் இந்தியாவின் இரண்டாம் பிரிவுத் தேதி 2014 டிசம்பர் வரை வந்தது. மூட்டை முடிச்சு கட்டிய நிலையில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

அடுத்த மாதமே தேதி 2012 ஏப்ரலுக்குப் பின்வாங்கியது. டிசம்பரில் 2011 அக்டோபர். மூன்று ஆண்டு முன்னேற்றம் மூன்றே மாதத்தில் அழிந்தது. 2025 அக்டோபரில்கூட அந்த வரிசை 2022இல் தொட்ட இடத்தை மறுபடி தொடவில்லை.

இந்தக் காலம் முழுக்க ஊழியர் ஒரே கம்பெனியோடு கட்டப்பட்டிருக்கிறார். வேறு கம்பெனிக்குப் போகலாம், வரிசைத் தேதியும் தங்கும். ஆனால் புதிய முதலாளி தொழிலாளர் துறைச் சான்றிதழிலிருந்து ஐ-140 வரை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதவி உயர்வு கிடைத்து வேலையின் தன்மை மாறினாலும் அதே தலைவலி. வேலை போய்விட்டால் கெடு 60 நாள். அதற்குள் வேறு வேலையோ, வேறு விசாவோ, ஊருக்கு டிக்கெட்டோ எடுத்தாக வேண்டும். பதினைந்து ஆண்டாக ஒரே வீட்டில் இருந்தவருக்கும் அதே 60 நாள்தான்.

கணவனின் நிழலில்

2017 பிப்ரவரி 22 அன்று இரவு கான்சாஸ் மாநிலம் ஓலேத் நகரில் ஒரு மதுக்கூடத்தில், ஹைதராபாத்திலிருந்து போன என்ஜினீயர் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லாவை ஒரு வெள்ளையர் இனவெறியில் சுட்டுக் கொன்றார். கணவனின் உடலோடு இந்தியா வந்த மனைவி சுனயனா துமாலாவுக்கு அப்போதுதான் இன்னொரு உண்மை தெரிந்தது. அவருடைய விசா கணவனின் விசாவைச் சார்ந்தது. கணவன் இல்லை என்றால் அவருக்கும் அமெரிக்காவில் இடமில்லை. கான்சாஸ் காங்கிரஸ் உறுப்பினர் கெவின் யோடர் தலையிட்ட பிறகே அவரால் திரும்ப முடிந்தது. குடியரசுக் கட்சிக்காரரான யோடர், அதன் பின் நாட்டு வரம்பை நீக்கும் மசோதாவின் முன்னணி ஆதரவாளரானார்.

துமாலாவின் துயரம் அசாதாரணமானது. அவருடைய சட்ட நிலைமை மிகச் சாதாரணமானது. எச்-1பி ஊழியரின் மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் 2015 மே வரை வேலை பார்க்கவே அனுமதி கிடையாது. ஊரில் டாக்டராகவோ வக்கீலாகவோ இருந்தவர்களும் வீட்டோடு இருக்க வேண்டியதாயிற்று. ஒபாமா அரசு அந்த ஆண்டு, வரிசையில் இருப்பவர்களின் துணைவர்களுக்கு வேலை அனுமதி அளித்தது. அதைப் பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்தியர்கள், பெரும்பாலோர் பெண்கள். எச்-1பி ஊழியர்களால் வேலை இழந்ததாகச் சொன்ன கலிபோர்னிய மின்வாரிய ஊழியர்கள் சிலர் அமைப்பு தொடங்கி வழக்குப் போட்டார்கள். முதல் டிரம்ப் அரசும் ரத்து செய்யப்போவதாக அறிவித்தது. பத்து ஆண்டு இழுபறிக்குப் பின் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. பெண்களின் வேலை பிழைத்தது.

இருபத்தொன்றாம் பிறந்தநாள்

பிள்ளைகளுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. நான்கு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன குழந்தை, அமெரிக்கப் பள்ளியில் படித்து, அந்நாட்டு உச்சரிப்பில் பேசி, ஆங்கிலத்தில் கனவு கண்டு வளர்கிறது. 21 வயதானதும் சட்டப்படி அது குழந்தை இல்லை. எச்-4 விசா முடிந்தது. அப்பாவின் வரிசையிலும் இடம் போயிற்று. டேவிட் பியரின் 2023 கணக்குப்படி இப்படி வரிசையிலிருந்து உதிரப்போகும் இந்தியப் பிள்ளைகள் சுமார் 1,34,000.

அதற்குப் பின் வழிகள் குறைவு. மாணவர் விசாவுக்கு மாறலாம். ஆனால் அந்த விசாவுக்கு, படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பும் எண்ணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். நினைவு தெரிந்த நாளிலிருந்து அமெரிக்காவிலேயே இருந்தவர் எந்தச் சொந்த நாட்டைக் காட்டுவார்? பல கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம். பிறகு எச்-1பி குலுக்கல். அதிலும் ஜெயித்தால், அப்பா முன்பு நின்ற வரிசையின் கடைசியில் பிள்ளை புதிதாக நிற்கலாம்.

2002இல் நிறைவேறிய குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் ஓரளவு உதவுகிறது. ஐ-140 மனு அலுவலகத்தில் எத்தனை நாள் கிடந்ததோ, அத்தனை நாளைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். மனு எட்டு மாதம் கிடந்திருந்தால், 21 வயது 5 மாதமான பிள்ளைக்கு 20 வயது 9 மாதம் என்று கணக்கு. ஆனால் வரிசையில் கழிந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நாளைக்கூடக் கழிக்க முடியாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கூடுதல் கட்டணம் கட்டி 15 வேலைநாளில் மனுவை முடித்துக்கொண்டவர்களுக்குக் கழிக்க நாளே இல்லை. அவசரப்பட்ட அப்பாவின் பிள்ளை சீக்கிரம் பெரியவனாகிறான்.

எந்தத் தேதியில் வயதைக் கணக்கிடுவது என்பதிலும் இழுபறி. விசா புல்லட்டினில் இரண்டு அட்டவணைகள் உண்டு. விண்ணப்பம் போடலாம் என்று சொல்லும் அட்டவணை கொஞ்சம் முன்னே இருக்கும், கார்டு தரலாம் என்று சொல்லும் அட்டவணை பின்னே இருக்கும். 2023 பிப்ரவரியில் பைடன் அரசு முன்னே இருப்பதை வைத்து வயதைக் கணக்கிடலாம் என்றது. பல பிள்ளைகள் தப்பினார்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் போடப்படும் விண்ணப்பங்களுக்கு டிரம்ப் அரசு பழைய கணக்கையே மீண்டும் கொண்டுவந்தது. இந்த வேறுபாட்டால் ஒரு பிள்ளையின் வயது ஒன்றிரண்டு ஆண்டுகூட மாறலாம்.

இவற்றிலெல்லாம் பெரிய முரண் வேறு. பெற்றோருடன் சட்டவிரோதமாக நுழைந்த சிறுவர்களை நாடு கடத்தாமல் வேலை அனுமதி தரும் திட்டத்தை ஒபாமா 2012இல் அறிவித்தார். அதில் சேர ஒரு நிபந்தனை, அந்த ஆண்டு ஜூன் 15 அன்று சட்டப்பூர்வ அந்தஸ்து இல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்பது. விசாவை ஒழுங்காகப் புதுப்பித்து வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஒழுங்கே தடையாகிவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளைகளே தொடங்கிய 'இம்ப்ரூவ் தி ட்ரீம்' என்ற அமைப்பு, எல்லா நாட்டவரையும் சேர்த்துத் தங்கள் எண்ணிக்கை இரண்டரை லட்சத்துக்கு மேல் என்கிறது.

ஒரே வீட்டுக்குள் இரண்டு சட்டங்கள் நடப்பதும் சகஜம். இந்தியாவில் பிறந்த அக்கா விசாவில், அமெரிக்காவில் பிறந்த தம்பி பிரஜை. 21 வயதில் அக்கா வெளியேற வேண்டி வரலாம். தம்பி 21 வயதாகி அக்காவுக்கு மனு போட்டால், உடன்பிறந்தோர் பிரிவில் 2025 இறுதியில் கவனிக்கப்பட்டவை 2006ஆம் ஆண்டு இந்திய மனுக்கள். தம்பியின் அந்தப் பிறப்புரிமையையும் பறிக்கும் உத்தரவை டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று பிறப்பித்தார். பெற்றோர் இருவரும் தற்காலிக விசாவில் இருந்தால் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றது அது. கீழ் நீதிமன்றங்கள் அந்த ஆண்டு முழுக்க அதை நடைமுறைக்கு வரவிடவில்லை. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்தது.

காந்திகிரி

வரிசையில் நிற்பவர்கள் எப்போதும் மௌனமாக இருந்ததில்லை. 2007 ஜூனில் வெளியான விசா புல்லட்டின், ஜூலை மாதம் எல்லோரும் விண்ணப்பிக்கலாம் என்றது. ஆயிரக்கணக்கானோர் மருத்துவப் பரிசோதனைக்கும் வக்கீலுக்கும் செலவழித்து, பயணங்களை ரத்து செய்து தயாரானார்கள். ஜூலை 2 அன்று, இடமெல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அறிவிப்பு வாபஸ் வாங்கப்பட்டது.

கோபத்துக்குப் பதில் பூக்கள் போயின. முந்தைய ஆண்டு வெளியான 'லகே ரஹோ முன்னாபாய்' படத்தில் வந்த காந்திகிரியைப் பின்பற்றி, நூற்றுக்கணக்கான இந்தியர்கள் குடியேற்றத் துறை இயக்குநர் எமிலியோ கொன்சாலஸுக்கு ஜூலை 10 அன்று பூங்கொத்துகள் அனுப்பினார்கள். அவர் அவற்றைக் காயம்பட்ட ராணுவ வீரர்கள் சிகிச்சை பெற்ற மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிட்டார். வழக்கும், பத்திரிகைச் செய்திகளும், காங்கிரஸ் உறுப்பினர்களின் கேள்விகளும் சேர்ந்துகொள்ள, ஜூலை 17 அன்று அரசு இறங்கிவந்தது. ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. ஒரு சினிமா அமெரிக்க நிர்வாகத்தை அசைத்த அபூர்வமான தருணம்.

காங்கிரஸை அசைப்பது அத்தனை சுலபமாக இல்லை. நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2011இல் பிரதிநிதிகள் சபையில் 389-15 என்ற கணக்கில் நிறைவேறி செனட்டில் நின்றது. 2019 ஜூலையில் இன்னொன்று 365-65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட்டும் ஒரு மசோதாவை எதிர்ப்பின்றி ஏற்றது. ஆனால் இரண்டு சபைகளின் வாசகங்களும் வேறு வேறு. சமரசம் ஆவதற்குள் அந்த காங்கிரஸின் ஆயுள் முடிந்தது. 2022 டிசம்பரில் வந்த மற்றொரு மசோதா ஓட்டெடுப்புக்கே வராமல் வாபஸ் ஆனது. பிள்ளைகளுக்காக மட்டும் 2021 முதல் இரு கட்சியினரும் சேர்ந்து கொண்டுவரும் மசோதாவும் ஒவ்வொரு காங்கிரஸிலும் அறிமுகமாகிறது, அத்துடன் நிற்கிறது.

எதிர்ப்பவர்கள் எல்லோரும் இனவாதிகள் அல்ல. வரம்பை நீக்கிவிட்டு மொத்த எண்ணிக்கையைக் கூட்டாவிட்டால், பல ஆண்டுகளுக்கு அநேகமாக எல்லாக் கார்டுகளும் இந்தியர்களுக்கே போகும், மற்ற நாட்டு நர்சுகளும் விஞ்ஞானிகளும் காத்திருக்க வேண்டிவரும் என்பது செனட்டர் டிக் டர்பின் போன்றோரின் வாதம். எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்றார் அவர். கூட்டினால் எங்கள் வேலை என்னாவது என்று கேட்கிறார்கள் அமெரிக்கத் தொழிலாளர்கள். 2015இல் புளோரிடாவின் டிஸ்னி நிறுவனத்தில் வேலை இழந்த கம்ப்யூட்டர் ஊழியர்களில் சிலர், தங்கள் இடத்துக்கு வந்த இந்தியர்களுக்குத் தாங்களே பயிற்சி கொடுத்துவிட்டு வெளியேற நேர்ந்தது. அந்தக் கசப்பு இன்னும் ஆறவில்லை. ஆனால் புதிதாக வருபவர்களின் எண்ணிக்கை மீதான சண்டையில், ஏற்கனவே வந்து பதினைந்து ஆண்டு வாழ்ந்துவிட்டவர்களின் கதி மறந்துபோகிறது.

ஒரு லட்சம் டாலர் இரவு

2025 செப்டம்பர் 19 வெள்ளிக்கிழமை டிரம்ப் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர், ஞாயிறு அதிகாலை முதல். ஆண்டுதோறும் கட்ட வேண்டும் என்று வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லுட்னிக் சொன்னார். பெரிய கம்பெனிகள் வெளிநாட்டில் இருந்த ஊழியர்களை உடனே திரும்பச் சொன்னன. சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் புறப்படத் தயாராக இருந்த விமானத்திலிருந்து சில பயணிகள் இறங்கிக்கொண்டார்கள். குடும்பங்கள் பாதிக்கப்பட்டு மனிதாபிமானப் பிரச்னை எழலாம் என்றது இந்திய வெளியுறவு அமைச்சகம்.

மறுநாள் விளக்கம் வந்தது. ஒருமுறைக் கட்டணம்தான், புதிய மனுக்களுக்கு மட்டும்தான், ஏற்கனவே விசா உள்ளவர்களுக்கு இல்லை. அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறுபவர்களுக்கும் இல்லை என்று அக்டோபரில் இன்னொரு விளக்கம். 12 மாத காலத்துக்கு என்று போடப்பட்ட அந்தப் பிரகடனத்தை எதிர்த்து அமெரிக்க வர்த்தக சபை தொடர்ந்த வழக்கில், டிசம்பரில் வாஷிங்டன் நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே மாதம் வந்த புதிய விதி, எச்-1பி குலுக்கலில் அதிகச் சம்பளக்காரர்களுக்கு அதிக வாய்ப்புத் தந்தது.

டிரம்ப் அதே செப்டம்பர் நாளில் அறிவித்த இன்னொரு திட்டம் தங்க அட்டை. பத்து லட்சம் டாலர் நன்கொடை கொடுப்பவருக்கு நிரந்தர வசிப்புரிமை அந்தஸ்து. ஆனால் அந்த அட்டையும் முதலாம், இரண்டாம் பிரிவுகளின் ஒதுக்கீட்டிலிருந்தே போக வேண்டும் என்பதால், பணம் கட்டிய இந்தியரும் இந்திய வரிசையைத் தாண்டிப் போக முடியாது. ஏழு சதவீதத்துக்கு ஏழை பணக்காரன் பேதமில்லை.

இதன் அதிர்வு சென்னையிலும் ஹைதராபாத்திலும் உடனே தெரிந்தது. விசா முத்திரை புதுப்பிக்க வேறு நாட்டுத் தூதரகங்களுக்குப் போகும் வசதி 2025 செப்டம்பரில் நின்றது. டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைத்தளப் பக்கங்களையும் ஆராய வேண்டும் என்ற உத்தரவு வந்ததும், இந்தியத் தூதரகங்களில் குறித்திருந்த நேர்காணல்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. அக்கா கல்யாணத்துக்கும் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கும் இரண்டு வார லீவில் வந்தவர்கள், வேலையும் வீடும் சில சமயம் பிள்ளையும் அங்கே இருக்க, இங்கே மாட்டிக்கொண்டார்கள்.

சிலர் வேறு கதவைத் தட்டுகிறார்கள். 2023 ஜூலையில் கனடா, அமெரிக்க எச்-1பி வைத்திருப்பவர்களுக்கு 10,000 வேலை அனுமதிகள் தர விண்ணப்பங்களை ஏற்கத் தொடங்கியபோது இரண்டே நாளில் அத்தனையும் தீர்ந்தன. அமெரிக்கா பள்ளியில் படிக்கவைத்து ஆளாக்கிய பிள்ளைகளை டொரன்டோவுக்கும் வான்கூவருக்கும் தாரைவார்ப்பது யாருக்கு லாபம் என்று அங்கேயே பலர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

நம் ஊரிலும் கணக்கு மாற வேண்டியிருக்கிறது. அமெரிக்க மாப்பிள்ளை என்றால் முன்பு கேள்வி சம்பளத்தோடு முடிந்தது. இனி கேட்க வேண்டியவை வேறு. வரிசைத் தேதி எது, ஐ-140 ஏற்கப்பட்டதா, குழந்தை எங்கே பிறந்தது, அதற்கு 21 வயது என்றைக்கு. ஏற்கனவே அங்கே இருப்பவர்கள் ஐ-140 மனு கிடந்த நாட்களின் எண்ணிக்கையைக் குறித்து வைத்துக்கொள்வதும், பிள்ளைக்கு 21 ஆவதற்கு முன்பே மாணவர் விசாவுக்கு மாற்ற ஏற்பாடு செய்வதும், விசா முத்திரை தேவைப்படும் பயணங்களைத் தவிர்ப்பதும் தற்காப்புதான், தீர்வு அல்ல. தீர்வு காங்கிரஸின் கையில் இருக்கிறது. வரிசையில் காலத்தைக் கழித்தவர்களுக்கு அங்கே ஓட்டு இல்லை என்பதுதான் இந்தப் பிரச்னை இத்தனை ஆண்டு இழுபட்டதற்கு மிக எளிய விளக்கம்.